ஸ்பெயின் யாத்திரைப் பாதையில் விடுதி: காசு கொடுத்து எதை வாங்குகிறோம்?

அக்டோபர் கடைசியில் வடக்கு ஸ்பெயின் கிராமங்களில் குளிர் இறங்கி நடைப்பயணிகள் கூட்டம் வற்றியதும் யாத்திரிகர் விடுதிகளின் விற்பனை விளம்பரங்கள் தலைகாட்டத் தொடங்கும். கல் கட்டிடம், இருபது முப்பது படுக்கை, பின்னால் தோட்டம், மாடியில் உரிமையாளர் குடியிருக்க இரண்டு அறை. லண்டனிலோ பாரிசிலோ சின்ன ஃபிளாட் வாங்கும் காசுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வாங்க வருகிறவர்களில் வெளிநாட்டவர் நிறைய: டச்சுக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர், கொரியர், பிரேசில்காரர். பெரும்பாலும் தாங்களே அந்தப் பாதையில் நடந்து, அந்த மயக்கம் தெளியாமல் திரும்பி வந்தவர்கள். சிலர் வருடக்கணக்கில் நன்றாக நடத்துகிறார்கள், சிலர் இரண்டு மூன்று சீசனிலேயே அதே விளம்பரத்தைத் திரும்பப் போடுகிறார்கள். பாதையின் மேல் யாருக்குப் பற்று அதிகம் என்பதில் இவர்களுக்குள் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கியது எதை என்று தெரிந்து வாங்கினார்களா என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். இந்த யாத்திரைப் பாதைகளுக்குப் பொதுவாக 'காமினோ' (ஸ்பானிய மொழியில் 'வழி') என்று பெயர், காமினோ என்றதும் எல்லோரும் நினைப்பது 'பிரெஞ்சு வழி'. பிரான்ஸ் எல்லையில் சென் ஜான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பைரெனீஸ் மலையைத் தாண்டி, நவார்ரா, லா ரியோஹா, காஸ்தியா-லெயோன், கலீசியா என்று நான்கு மாநிலங்களைக் கடந்து, சுமார் 780 கிலோமீட்டர் தள்ளி சந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்தில் முடிகிறது. இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. நம் பக்கம் சந்தியாகப்பர், யாழ்ப்பாணத்தில் சந்தியோகுமையோர் என்று கும்பிடப்படுகிறவர் இவர்தான். முழுதும் நடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கையில் 'கிரெதென்சியால்' என்ற யாத்திரிகர் அட்டை வைத்துக்கொண்டு தங்குமிடங்களில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தவருக்குத்தான் 'கொம்போஸ்தேலா' என்ற சான்றிதழ். இந்த 100 கிலோமீட்டர் விதிதான் வழியோர விடுதித் தொழிலின் தலையெழுத்தையே எழுதுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இடைக்காலத்தில் யாத்திரிகரைத் தங்கவைத்தவை மடங்களும், மன்னர்களும் பிரபுக்களும் கட்டிய தர்ம விடுதிகளும். ராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் போகிற வழியில் சத்திரம் கட்டியவர்கள் கூடவே நிலமும் எழுதிவைத்தார்கள் அல்லவா, அங்கேயும் அதேதான் ஏற்பாடு. படுக்கைக் காசில் அந்த இடங்கள் ஓடவில்லை, மானிய நிலத்தின் வருமானத்தில் ஓடின. பக்கத்திலேயே காசு வாங்கும் சாவடிகளும் இருந்தன, அவற்றின் பெயர் அவ்வளவு நல்லதல்ல. நல்ல திராட்சை மதுவை ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு மட்டமானதை விற்கும் சாவடிக்காரர்களை 12ஆம் நூற்றாண்டுப் பிரசங்கம் ஒன்று திட்டித் தீர்க்கிறது. அப்புறம் 1830களில் பிரதமர் மெந்திசாபலின் அரசு மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டபோது தர்ம விடுதிகளுக்கு ஆதாரமாக இருந்ததே கைவிட்டுப் போனது. 1501இல் ஸ்பெயின் ராணி இசபெல்லா, மன்னர் ஃபெர்தினாந்த் உத்தரவில் சந்தியாகோ பேராலயத்தின் பக்கத்தில் எழும்பத் தொடங்கிய மாபெரும் யாத்திரிகர் மருத்துவமனை 1954இலிருந்து அரசின் சொகுசு ஹோட்டல். அந்தக் கட்டிடத்தின் கதையைப் பார்த்தாலே முழுக் கதையும் தெரிந்துவிடும்.

பாதை கிட்டத்தட்ட செத்துப்போய்தான் இருந்தது. ஓ செப்ரெய்ரோ மலைக் கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலீன்யா 1980களில் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி வழி முழுக்க அம்புக்குறி வரைந்தார். 1987இல் ஐரோப்பிய கவுன்சில் இதை முதல் ஐரோப்பியப் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993இல் கலீசியா மாநில அரசு புனித ஆண்டை (யாக்கோபின் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு) பெரிய சுற்றுலாத் திட்டமாக நடத்தி, தன் செலவில் அரசு விடுதிகளை வரிசையாகக் கட்டியது. அதே வருடம் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது. லெயோன் மலையில் ஃபோன்செபாதோன் என்ற ஊர் 1990களில் ஏறக்குறைய ஆளில்லாமல் இடிந்து கிடந்தது, இன்று அங்கே பல விடுதிகள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய் ஊர் ஊராகக் காலியாகிக்கொண்டிருக்கும் ஸ்பெயினின் உட்பகுதியில் பல கிராமங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே தொழில் இதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை. வீட்டு விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதே காலியாகும் கதைதான். விலை சல்லிசாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் தேடும்போது இதே விஷயம் எதிரில் வந்து நிற்கும்.

சரி, விடுதிக்கு வருவோம். இந்தப் பாதையில் 'அல்பெர்கே' என்ற ஒரே பெயரில் நான்கைந்து விதமான இடங்கள் இருக்கின்றன. கலீசியா அரசு விடுதியில் படுக்கை 10 யூரோதான், முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். மற்ற மாநிலங்களில் ஊராட்சி விடுதிகள் உண்டு. அப்புறம் தேவாலயங்களும் யாத்திரிகர் சங்கங்களும் நடத்துபவை. இவற்றில் பல, கட்டணம் சொல்லாமல் உண்டியல் வைத்திருக்கும். லா ரியோஹாவில் கிரான்யோன் தேவாலயத்தில் தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும், கூடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், 'முடிந்ததைப் போடு, தேவையானதை எடுத்துக்கொள்' என்று பெட்டி திறந்தே இருக்கும். ராபனாலில் 1991இலிருந்து பிரிட்டிஷ் யாத்திரிகர் சங்கம் நடத்தும் விடுதியும் இந்த வகைதான். இங்கெல்லாம் வேலை செய்வது சம்பளமில்லாத தொண்டர்கள், பெரும்பாலும் முன்பு நடந்தவர்கள், இரண்டு வாரம் இருந்துவிட்டு அடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கடைசியாகத்தான் தனியார் அல்பெர்கே. விலைக்கு வருவது இது ஒன்றுதான். இதன் எதிர்ப்போட்டி பக்கத்துத் தெரு ஹோட்டல் இல்லை. வரிப்பணத்தில் ஓடும் 10 யூரோ படுக்கையும், நன்கொடையில் ஓடும் விலையில்லாப் படுக்கையும்தான் போட்டி. கட்டிடச் செலவோ சம்பளச் செலவோ அவர்கள் கணக்கில் ஏறாது, உங்கள் கணக்கில் இரண்டும் ஏறும். அதனால் கூட்டுப் படுக்கையறையில் ஒரு படுக்கைக்கு 15 யூரோ, ரொம்ப மிஞ்சினால் 20 என்பதற்கு மேல் போவது கஷ்டம். விலையை மேலே ஏற்ற முடியாத ஒரு கூரை உங்கள் தலைக்கு மேல் எப்போதும் இருக்கிறது.

அடுத்தது இடம். ஊர் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். வழிகாட்டிப் புத்தகங்களும் மொபைல் ஆப்களும் பாதையை ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீட்டர் என்று துண்டு போட்டு வைத்திருக்கின்றன. துண்டு முடிகிற ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்கு வரிசை நிற்கும். நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் அதே மக்கள் காலையில் காபி குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த இடைப்பட்ட ஊர்களில்தான் கட்டிடம் மலிவு. கூட்டம் பிடிக்காமல் தெரிந்தே இடையில் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள், நல்ல சாப்பாடு போட்டு அவர்களை இழுத்து நன்றாக ஓடும் இடங்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் வருவதற்கே சில வருடம் ஆகும், அதுவரை தாங்கக் கையில் காசு வேண்டும்.

இன்னொரு பெரிய ஏமாற்று, யாத்திரிகர் எண்ணிக்கை. விற்பவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். 2019இல் 3.47 லட்சம் சான்றிதழ், 2024இல் கிட்டத்தட்ட 5 லட்சம் என்று கோடு மேலேயே போகிறது. உண்மைதான். ஆனால் அந்த எண்ணிக்கை சந்தியாகோவில் வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது, உங்கள் வாசலைக் கடந்தவர்களைப் பற்றியது அல்ல. 100 கிலோமீட்டர் விதியால் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சாரியா என்ற ஊரில்தான் நடையைத் தொடங்குகிறார்கள், அங்கிருந்து சந்தியாகோ 115 கிலோமீட்டர்தான். வேறு பெரும் கூட்டம் போர்த்துகல் பக்கத்திலிருந்து வரும் வழிகளில் போகிறது, சமீப வருடங்களில் வேகமாக வளர்வதும் அந்த வழிகள்தான். சென் ஜானில் தொடங்கி முழுதும் நடந்து முடிப்பவர்கள் சாரியாக்காரர்களைவிடப் பல மடங்கு குறைவு. ஆக, காஸ்தியா சமவெளியில் வீடு வாங்குகிறவருக்கு அந்த 5 லட்சம் என்பது செய்தித்தாள் எண் மட்டுமே. சாரியாவுக்குப் பிறகு வாங்கலாமே என்றால், அங்கே போட்டியும் பல மடங்கு. பள்ளிக்கூடக் கூட்டங்கள், பஸ் சுற்றுலாக் குழுக்கள், பையை வேனில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடப்பவர்கள் என்று ஆட்களும் வேறு மாதிரி. அவர்களில் நிறையப் பேர் கேட்பது இரட்டை அடுக்குக் கட்டிலை இல்லை, குளியலறையோடு தனி அறை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நான் வைத்துக்கொள்ளும் எண்கள்தான், உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 24 படுக்கை, தலைக்கு 15 யூரோ, ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை 210 நாள் திறந்திருக்கும், சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல், 55 சதவீதம் நிரம்புகிறது. மொத்தம் 41,580 யூரோ. அதில் 10 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடக்கம், கழித்தால் 37,800. ஏழு மாதத்துக்கு ஒரே ஒரு ஆளைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் வைத்தாலும் (2025இல் மாதம் 1,184 யூரோ, வருடத்துக்கு 14 சம்பளம்) முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகையோடு சேர்ந்து 13,000 பக்கம் போய்விடும். சுயதொழில் செய்பவர் என்ற முறையில் நீங்களும் மாதாமாதம் கட்ட வேண்டும். 2025இல் அது வருமானத்தைப் பொறுத்து 200 முதல் 590 யூரோ வரை, புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வருடம் 80 யூரோ என்ற சலுகை இருக்கிறது. மின்சாரம், எரிவாயு, துணி வெளுப்பு, காப்பீடு, கணக்கர், முன்பதிவுத் தளங்களுக்குப் போகும் கமிஷன் என்று எல்லாம் எடுத்த பிறகு படுக்கையில் மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டாயிரம். கடன் வட்டியும் வருமான வரியும் இன்னும் கழியவில்லை.

இரவுச் சாப்பாட்டைச் சேர்த்தால் படம் மாறும். தங்கும் 13 பேரில் 8 பேர் 13 யூரோவுக்குச் சாப்பிட்டால், வரி போக ஒரு சீசனில் 20,000 கிட்ட வரும், சாமான் செலவு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 13,000 நிற்கும். அதாவது படுக்கை தருவதைவிட பருப்பு சூப்பும் ரொட்டியும் ஒயினும் தருவது அதிகம். அதனால்தான் நன்றாக நடக்கும் தனியார் விடுதிகள் பலவற்றில் ஒரு பார் இருக்கும், காலை ஆறு மணிக்கே காபி மெஷின் ஓடும், தங்காமல் கடந்து போகிறவரிடமிருந்தும் இரண்டு யூரோ வரும். என்னைக் கேட்டால், சமையல் பிடிக்காதவர் இந்தத் தொழிலுக்கே வர வேண்டாம். முடிந்தால் ஒரு படுக்கையறையை உடைத்து இரண்டு தனி அறையாக ஆக்கிவிடுவது நல்லது, பாதையின் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள்தான், சுளிக்கட்டும்.

அன்றாடம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும், காலை எட்டுக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும், மத்தியானத்துக்குள் துடைத்து முடித்து அடுத்த கூட்டத்துக்குக் கதவைத் திறக்க வேண்டும். ஏழு மாதம் விடுமுறை கிடையாது. இரண்டு விஷயம் மட்டும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியவை. ஒன்று வெந்நீர்: இருபத்து நான்கு பேரும் மத்தியானம் இரண்டிலிருந்து நான்குக்குள்தான் குளிப்பார்கள், ஒரு குடும்பத்துக்காக வைத்த பாய்லர் அதைத் தாங்காது. இன்னொன்று மூட்டைப்பூச்சி. எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் யாரோ ஒருவர் பையில் ஏறி வந்துவிடும். வந்துவிட்டால் அந்த அறையைப் பூட்டி, 50 டிகிரிக்கு மேல் சூடேற்றி, முட்டை வரை அழிக்க வேண்டும். சீசன் நடுவில் அறை பூட்டினால் வருமானம் நஷ்டம், பூட்டாவிட்டால் இணையத்தில் ஒரு வரி எழுதிப் போடுவார்கள், அது அதைவிட நஷ்டம். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை, ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் விரிப்பு, மரத்துக்குப் பதில் இரும்புக் கட்டில் இதெல்லாம் அழகுக்கு விரோதமாகத் தெரியலாம், காரணம் இதுதான்.

வாங்கும் முறைக்கு வருவோம். விளம்பரத்தில் 'த்ராஸ்பாசோ' என்று இருந்தால் கட்டிடம் கைமாறவில்லை என்று பொருள். நடக்கிற வியாபாரமும், கட்டில் மெத்தை சாமான்களும், வாடகை ஒப்பந்தமும் மட்டும்தான் வருகின்றன. முதல் வருடங்களுக்கு இதுவே மேல் என்பது என் எண்ணம், பிடிக்கவில்லை என்றால் வெளியே வரலாம். ஆனால் கட்டிட உரிமையாளர் புது ஒப்பந்தத்துக்கு எத்தனை வருடம் எழுத்தில் தருகிறார் என்பதைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. கட்டிடமே வாங்கினால் பதிவேட்டில் கடன், உரிமைச் சிக்கல் உண்டா என்று வக்கீல் வைத்துப் பார்க்க வேண்டும். கிராமத்து வீடுகள் பல தாத்தா பெயரிலேயே கிடக்கும், வாரிசுகள் நான்கு நாட்டில் இருப்பார்கள். முன்பணம் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். வழக்கமான ஒப்பந்தப்படி, வாங்குபவர் பின்வாங்கினால் அது போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். பழைய கட்டிடத்துக்கான சொத்து மாற்ற வரி மாநிலத்தைப் பொறுத்து 6 முதல் 10 சதவீதம் வரை.

இதைவிட முக்கியம் உரிமம். சுற்றுலா அங்கே மாநில அரசுகளின் அதிகாரம், அதனால் ஒரு படுக்கைக்கு எவ்வளவு இடம், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, தீ வெளியேறும் வழி எது என்பதெல்லாம் நவார்ராவில் ஒன்று, கலீசியாவில் ஒன்று. பழைய உரிமையாளர் 30 கட்டில் போட்டிருக்கலாம், காகிதத்தில் 18தான் அனுமதி என்றால் நீங்கள் வாங்குவது 18 கட்டில் விடுதியைத்தான். மேலும் இந்தப் பாதை 1962இலிருந்தே பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். வழியை ஒட்டிய வீட்டில் ஜன்னல் மாற்றுவதற்கும் கூரை ஓடு மாற்றுவதற்கும் பாரம்பரியத் துறை சம்மதம் கேட்க வேண்டியிருக்கும், அது வர மாதங்கள் ஆகும்.

குடியுரிமை இன்னொரு சுவர். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் ஒருவர் நாளைக்கே போய்க் கடை திறக்கலாம். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும், அதில் ஒரு சீசன் கூட ஓடாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர் சுயதொழில் அனுமதி வாங்கியாக வேண்டும். தொழில் திட்டம், முதலீடு, தகுதி எல்லாம் காட்ட வேண்டும். வேலை செய்யாமல் வசிக்கும் விசாவில் போய் விடுதி நடத்த முடியாது. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வசிப்புரிமை என்ற திட்டத்தை ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு மூடிவிட்டது, இன்னும் அதைச் சொல்லி விற்கிறவர்கள் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதற்கும் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் என்ற ரிசர்வ் வங்கி வரம்பு இருக்கிறது.

நல்ல மனதோடு வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'நாமும் உண்டியல் வைத்து நடத்தலாமே, முன்பு நடந்தவர்கள் தொண்டர்களாக வருவார்களே' என்பார்கள். ஸ்பெயினின் 2015 தொண்டர் சட்டப்படி தொண்டு என்பது லாப நோக்கமில்லாத அமைப்பின் கீழ் நடக்க வேண்டும். தனியார் தொழிலில் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து ஆள் வைத்தால் தொழிலாளர் ஆய்வாளர் கண்ணுக்கு அது பதிவில்லாத வேலை. வெளிநாட்டவராக இருந்தால் இரட்டைச் சிக்கல். உண்டியல் வைத்தாலும் விருந்தினர் பதிவு கட்டாயம்: 2024 டிசம்பர் 2 முதல் ஒவ்வொருவரின் அடையாள, தொடர்பு விவரங்களும் 24 மணி நேரத்துக்குள் உள்துறை அமைச்சின் தளத்தில் ஏற வேண்டும், மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும், கடும் மீறலுக்கு அபராதம் 30,000 யூரோ வரை போகும். மழையில் நனைந்து வந்து நிற்கும் பதினைந்து பேரிடம் வீட்டு முகவரி கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

இப்போது விலை ஏறிக்கொண்டிருப்பதற்கு 2027 ஒரு காரணம். யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் வருடம் புனித ஆண்டு, கூட்டம் அலைமோதும். விற்பவர் அதைக் காட்டித்தான் பேரம் பேசுவார். ஆனால் 1993 புனித ஆண்டில் 99,000க்கு மேல் சான்றிதழ் கொடுத்தார்கள், 1994இல் 16,000க்கும் கீழே விழுந்தது. 2004இல் 1.8 லட்சம், அடுத்த வருடம் 94,000. 2010இல் 2.72 லட்சம், 2011இல் 1.83 லட்சம். வீழ்ச்சியின் ஆழம் முறைக்கு முறை குறைந்துவருகிறது, இப்போது வெளிநாட்டுக் கூட்டம் அதிகம் என்பதால் இன்னும் குறையலாம். 2020இல் தொற்றுக்காலத்தில் 54,000 என்று சரிந்ததும், 2025 ஆகஸ்ட் காட்டுத்தீயில் அஸ்தோர்காவுக்கும் பொன்ஃபெர்ராதாவுக்கும் இடையே பாதை மூடப்பட்டதும் வேறு வகை ஆபத்துகள், அவற்றுக்கு நாள்காட்டி கிடையாது.

அவசரமில்லாதவருக்கு ஒரு வழி உண்டு. ஏதாவது சங்கத்தின் மூலம் பயிற்சி எடுத்து இரண்டு வாரம் தொண்டராக இருந்து பாருங்கள். பிறகு பிடித்த ஊருக்கு மே மாதத்தில் போகாமல் பிப்ரவரியில் போங்கள். கடை திறந்திருக்கிறதா, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வீட்டுக்குள் எவ்வளவு குளிர்கிறது என்று தெரியும். விற்பவரிடம் 2023, 2024, 2025 மூன்று வருடத்து வரிக் கணக்கையும் விருந்தினர் பதிவேட்டு எண்ணிக்கையையும் கேளுங்கள், 2027க்கான மதிப்பீட்டைக் கேட்காதீர்கள். பதிவேட்டில் இல்லாத வருமானம் நிறைய உண்டு என்று அவர் கண்ணடித்தால், பதிவேட்டில் இருப்பதற்கு மட்டும் விலை பேசுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் 2028 வரை காத்திருக்கலாம், அந்த வருடம் விளம்பரங்கள் கூடுதலாகவே வரும்.